கிரானுலோமா: ‘நோய்ச்சிறை’ வேண்டாம், ‘திரளை’ போதும்

பொருள்: மறு: மறு: கிரானுலோமாவுக்குத் தமிழ்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கிரானுலோமா என்பது கிருமியையோ அந்நியப் பொருளையோ சுற்றி உடலின் காவல் செல்கள் கூடி உருவாகும் சிறு உருண்டை. அதற்குத் தமிழ்ப் பெயராக நம்மில் ஒருவர் முன்வைத்தது இது:

> கிருமியைப் பிடித்து அடைத்து வைக்கிற இடம்தானே? ‘நோய்ச்சிறை’ என்றே வைத்துவிடலாம். கேட்டவுடன் புரியும்.

கேட்டவுடன் புரிகிறது. ஆனால் புரிவது சரியானதுதானா என்பதில்தான் எனக்குச் சிக்கல். காசநோயையே எடுத்துப் பார்ப்போம்.

கிருமி மூச்சோடு நுரையீரலின் காற்றறைக்குள் இறங்கியதும், அங்கே இருக்கும் பெருவிழுங்கி (macrophage என்ற காவல் செல்) அதை விழுங்குகிறது. வேறு கிருமியாக இருந்தால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். விழுங்கிய பைக்குள் செரிமான நொதிகள் வந்து சேர்ந்து கரைத்துவிடும். காசக்கிருமி அந்த நொதிகளை வந்து சேரவே விடுவதில்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை என்று சாவகாசமாக இரண்டாகப் பிரிகிறது. (ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு வசதியான சூழலில் 20 நிமிடம் போதும்.) அப்புறம் மேலும் பெருவிழுங்கிகள் வந்து சூழ்கின்றன. சில தட்டையாகி, தோல் செல்களைப் போல நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. சில ஒன்றோடொன்று இணைந்து, உட்கருக்களைக் குதிரைலாட வடிவில் அடுக்கிய இராட்சத செல்லாகின்றன. வெளிவட்டத்தில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள். நடுப்பகுதி செத்து, வெளுத்து, உதிர்ந்து கிடக்கும். நுண்ணோக்கியில் தெரியும் இந்த மொத்த உருண்டைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இதைச் சிறை என்று சொல்ல நியாயம் இல்லாமல் இல்லை. கிருமி தொற்றியவர்களில் வாழ்நாளில் நோய் வெளிப்படுவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். முடக்குவாதம் என்ற மூட்டுநோய்க்கு, டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்து கொடுத்தபோது, சிலருக்கு அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியதை 2001-இல் கண்டறிந்து எழுதினார்கள். உருண்டை குலையாமல் நிற்க டிஎன்எஃப் வேண்டும். அதனால்தான் இன்று அந்த வகை மருந்தைத் தொடங்குமுன் காசத் தொற்று உண்டா என்று பார்த்துவிடுகிறார்கள்.

சரி, இத்தோடு நின்றிருந்தால் நானும் ‘நோய்ச்சிறை’க்குக் கை தூக்கியிருப்பேன். ஆனால் வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் உடல் கண்ணாடி மாதிரி; உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். பரோடாவில் மருத்துவம் படித்த லலிதா ராமகிருஷ்ணனின் குழு, காசக்கிருமிக்கு நெருங்கிய உறவான ஒரு மீன் கிருமியை இந்தக் குஞ்சுகளுக்குள் செலுத்திப் பார்த்து 2009-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. தொற்றிய பெருவிழுங்கி சாகிறது, புதிதாக வரும் பெருவிழுங்கிகள் அந்தப் பிணத்தைத் தின்கின்றன, தின்றவற்றுக்கும் தொற்றுகிறது. அதில் சில நகர்ந்து போய் வேறோர் இடத்தில் உருண்டை பிடிக்கின்றன. புது ஆட்களை இப்படி வரவழைப்பதில் கிருமியின் ஒரு மரபணுப் பகுதிக்கே பங்கு உண்டு. நம் தோளில் தழும்பாக நிற்கும் பிசிஜி ஊசியின் கிருமி இழந்துவிட்டது அந்தப் பகுதியைத்தான். ஆக, தொடக்க நாட்களில் இந்த உருண்டை கிருமிக்குச் சந்தையாகவும் இருக்கிறது. பெயரிலேயே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு மாணவர் ‘நோய்ச்சிறை நோயைப் பரப்புகிறது’ என்று படிக்க வேண்டிவரும்.

இன்னொன்று. சார்காய்டோசிஸ் நோயிலும் இதே உருண்டை வருகிறது, ஆனால் அதில் கிருமி எதையும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. அறுவை சிகிச்சையின் தையல்நூலைச் சுற்றியும் வரும். அங்கே யாரைச் சிறை வைத்திருக்கிறது?

இன்னொரு யோசனையான ‘சிறுமணிக்கட்டி’ மூலச்சொல்லுக்குக் கிட்டே இருக்கிறது. ஆனால் ஆய்வக அறிக்கையில் ‘கட்டி’ என்று பார்த்தவர் அடுத்து என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும். காசநோயால் கழுத்தில் நெறி கட்டி (பழைய பெயர் கண்டமாலை) ஊசி வைத்துச் சதை எடுத்தவரிடம், ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய் என்று சொல்வதற்கு முன்பே அந்தச் சொல் அவர் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

என் பரிந்துரை: திரளை. சோற்றுத் திரளை என்கிறோமே, அதே சொல். காரணம் சொல்லாமல் வடிவத்தை மட்டும் சொல்கிறது. ஒட்டுப்போடவும் வசதி: காசத் திரளை, தொழுநோய்த் திரளை, தையல்நூல் திரளை, திரளையழற்சி.

—

> ‘திரளை’ நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் இரத்தத் தட்டுகள் ஒன்றுசேர்வதைத் ‘திரட்சி’ என்று எழுதுகிறோம். நோயாளி இரத்தக்கட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

டாக்டர், நல்ல கேள்வி. திரட்சி என்பது நிகழ்வு, திரளை என்பது பொருள், எழுத்தில் குழம்பாது. நேரில் பேசும்போது குழம்பலாம். எனவே அறிக்கையில் முதல் முறை வரும் இடத்தில் ‘செல் திரளை’ என்று முழுசாக எழுதி, பிறகு திரளை என்று சுருக்கிக்கொள்வோம். பக்கத்தில் கிரானுலோமா என்றும் இருக்கட்டும். வேறு ஊர் மருத்துவரிடம் போகும்போது அவர் சொல்லப்போவது அதைத்தான்.

> நடுவில் சாகிற பகுதிக்கு? போன மாதம் யாரோ ‘பாலாடைச் சிதைவு’ என்றார்கள்.

அது வேண்டாம். மூலச்சொல்லில் (caseous necrosis) இருப்பது சீஸ். அதைப் பாலாடைக்கட்டி என்று பெயர்த்து, பிறகு கட்டியை வெட்டிவிட்டதில் பால்மேல் படியும் ஏடு மிஞ்சிவிட்டது. கத்தி வைத்தால் அந்தப் பகுதி பொலபொலவென்று உதிரும். ‘உதிரிச் சிதைவு’ எனலாமா? நோய்க்குறியியல் படித்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் இரண்டையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.