காது வலி என்று போனேன், காதில் ஒன்றுமில்லையாம்

தூங்காத ஆந்தை:
வயது 32. மூன்று வாரமாக வலது காதுக்கு முன்னால் வலி. காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது. கொட்டாவி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம். காது மருத்துவர் காதில் ஒன்றுமில்லை என்றார். பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டுச் சொத்தை இல்லை, ஞானப்பல்லிலும் கோளாறு இல்லை என்றார். வாய்க்குள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னார், இரண்டுதான் போகிறது. அப்புறம் வலி எங்கிருந்துதான் வருகிறது?

பழைய தாடைக்காரி:
எனக்கு இது ஆறு மாதம் ஓடியது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒன்று உருளும், அதுதான் தாடை மூட்டு. அதற்குள் மெத்தை மாதிரி ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது நழுவி மறுபடி இடத்தில் உட்காரும்போதுதான் பெரும்பாலும் அந்த 'டக்'. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை.

என் வலிக்குக் காரணம் மூட்டு இல்லை, தசை. ஒருநாள் கண்ணாடியில் நாக்கை நீட்டினால் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம்! கணினி முன்னால் உட்கார்ந்தாலே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். உதடு மூடியிருக்கலாம், ஆனால் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. இது எனக்கு அதுவரை தெரியாது. திரையின் மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர விடுவேன். பார்ப்பவர்களுக்கு அசடு மாதிரி இருந்திருக்கும், பரவாயில்லை.

கூடவே வெந்நீர் ஒத்தடம், சில வாரம் மென்மையான சாப்பாடு, இரவில் நைட் கார்டு, அதாவது பல்லுக்கு அளவெடுத்துச் செய்த, பல்மேல் மாட்டும் உறை. கார்டு பல் தேயாமல் காக்கும், கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. ஒரு மருத்துவர் பல்லை ராவிச் சரிசெய்யலாம் என்றார். மறுத்துவிட்டேன். ராவிய பல் திரும்ப வளராதே.

வார்டு நர்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் எல்லாத் தாடை வலியும் இது இல்லை. நடந்தால் வந்து நின்றால் போகும் வலி இதயத்திலிருந்தும் வரலாம். கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், நெஞ்சு இறுக்கம் என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டும் வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் வீக்கமாக இருந்தால் பார்வையே போகக்கூடும்.

தூங்காத ஆந்தை:
நடக்கும்போதெல்லாம் வலி இல்லை, அது நிம்மதி. நாக்கைப் பார்த்தேன், இரண்டு பக்கமும் தடம். இந்தப் பதிலைத் தட்டும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.