எகிப்துக் கண்காட்சியில் மணல் தொட்டி: பிள்ளைகள் கற்பது தொல்லியலா, புதையல் வேட்டையா?

மருதநிழல்:
பண்டைய எகிப்து பற்றிய "தொட்டுப் பார்க்கலாம்" வகைக் கண்காட்சிகள் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு மணல் தொட்டி இருக்கும். கையில் ஒரு பிரஷ், உள்ளே தங்க வண்ணம் பூசிய குட்டிச் சிலைகள். பிள்ளை கொஞ்ச நேரம் துழாவி ஒன்றை உயர்த்திக் காட்டும், பெற்றோர் படம் எடுப்பார்கள், அடுத்த பிள்ளை வரும். இதைத் தொல்லியல் என்று சொல்லித் தருவது எனக்கு உடன்பாடில்லை.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையின் முதல் படியைக் கண்டது 1922 நவம்பர் 4. உள்ளே இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை எடுத்து முடிக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. எண் போடுவார்கள், ஹாரி பர்ட்டன் இருந்த இடத்திலேயே படம் எடுப்பார், அட்டையில் குறிப்பு ஏறும், அப்புறம்தான் பொருள் நகரும். அந்த அட்டைகளை ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனம் இணையத்திலேயே போட்டிருக்கிறது. மணல் தொட்டியில் அட்டைக்கு இடமே இல்லை. தோண்டு, எடு, போ. கல்லறைத் திருடர்கள் செய்ததும் இதைத்தான்.

தேம்ஸ்கரை:
ஆறு வயதுப் பிள்ளையைத் திருடனோடு சேர்க்க வேண்டாம் ஐயா. நான் லண்டனில் இருக்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில், ஒரே ஆணையை மூன்று எழுத்துகளில் பொறித்த எகிப்தியக் கல்லான ரொசெட்டா கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம், சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். அதே கட்டடத்தில் இன்னோர் அறையில் அதன் நகல் கண்ணாடி இல்லாமல் நிற்கிறது. என் மகள் அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தாள். சித்திர எழுத்து முடிந்து டெமோட்டிக் என்ற எகிப்தியரின் அன்றாட எழுத்து தொடங்கும் இடத்தில் நின்றாள், கிரேக்கம் வந்ததும் மறுபடி நின்றாள். "மூணும் வேற வேற கையெழுத்தும்மா" என்றாள். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தால் இது நடந்திருக்காது. மணல் தொட்டியும் அப்படி ஒரு வாசல்தான்.

மருதநிழல்:
உங்கள் மகள் தொட்டது என்னவென்று பாருங்கள். அசலில் உள்ள 14 வரி சித்திர எழுத்து, 32 வரி டெமோட்டிக், 54 வரி கிரேக்கம், எல்லாம் அதே அளவில், அதே உடைசலோடு. விரல் போன இடமெல்லாம் செய்தி இருந்தது. தொட்டியில் கிடக்கும் சிலைக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்த ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

செப்பேடு:
அருங்காட்சியகப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டே ஆக வேண்டும் என்றால் நகலைத் தொடட்டும், அசலின் பக்கம் போகவே கூடாது. ரொசெட்டா கல்லை விரல்களிலிருந்து காப்பாற்றத்தான் முன்பு மெழுகு பூசினார்கள். 1999இல் அந்த மெழுகையும் அச்சு மையையும் சுத்தம் செய்தபோது, கறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்த கல் உண்மையில் சாம்பல் நிறம் என்றும் குறுக்கே இளஞ்சிவப்புக் கோடு ஓடுகிறது என்றும் தெரிந்தது. பயிற்சி பெற்ற கைகளாலும் கெடுதல் வரும். துட்டன்காமன் முகமூடியின் தாடி 2014இல் கழன்று, எபாக்சி பசையால் ஒட்டப்பட்டு, அதைச் சரிசெய்ய 2015 முடிவு வரை ஆனது. பார்வையாளர்களின் மூச்சு ஈரமும் கல்லறைக்குள் கொண்டுவரும் தூசியும் கவலை தருவதால்தான் 2014இல் லக்சரில் கார்ட்டரின் வீட்டருகே கல்லறைக்கே ஒரு நகல் வைத்தார்கள்.

வெண்கோல்:
அசலின் பக்கம் போகவே கூடாது என்றால் நான் எங்கே போவது? எனக்குப் பார்வை இல்லை. அதே பிரிட்டிஷ் மியூசியத்தின் எகிப்தியச் சிற்பக்கூடத்தில் எங்களைப் போன்றவர்கள் சில அசல் கற்சிற்பங்களைத் தொட அனுமதி உண்டு. கல்லின் சில்லிப்பு, மெருகேற்றிய இடத்தின் வழவழப்பு, எழுத்தைச் செதுக்கிய பள்ளத்தின் விளிம்பு, இவற்றைப் பிளாஸ்டிக் நகல் தராது. கடினக் கல் எது, ஓவியம் தீட்டிய மரம் எது என்று பிரித்து அனுமதியுங்கள். மொத்தமாகக் கதவைச் சாத்தாதீர்கள்.

செப்பேடு:
கல் விஷயத்தில் சரி, பக்கத்தில் ஆள் இருந்து கையைச் சுத்தம் செய்யச் சொல்லி அனுமதிக்கலாம். மரம், துணி, பாப்பிரஸ் என்ற நாணல் தாள், மணி வேலைப்பாடு எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். துட்டன்காமனின் மணி கோத்த செருப்புகள் தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தன, கார்ட்டர் மெழுகை உருக்கி ஊற்றித்தான் எடுக்க முடிந்தது.

நெய்தல்மகள்:
மம்மி விளையாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! பொம்மையின் மூக்கில் கொக்கியை விட்டு மூளையை இழுக்க வைத்து, "ஐயோ" என்று கத்தச் செய்கிறார்கள். இறந்தது ஒரு மனிதர், அவருக்கு மறுமை வேண்டும் என்று குடும்பம் செய்த சடங்கு அது. அதைவிட ஓர் ஆப்பிள் துண்டை உப்பும் சமையல் சோடாவும் கலந்து மூடி வைக்கச் சொல்லலாம். எகிப்தியர் உடலை உலர்த்தப் பயன்படுத்திய நேட்ரான் உப்பு கிட்டத்தட்ட அதே சரக்குதான். ஒரு வாரம் கழித்து எடுத்தால் துண்டு சுருங்கி, கருவாடு போல எடை குறைந்து கிடக்கும். நாற்பது நாள் உடலை நேட்ரானில் ஏன் வைத்தார்கள் என்று பிள்ளைக்குத் தானே விளங்கும்.

தேம்ஸ்கரை:
அருமையான யோசனை அக்கா. ஆனால் ஒரு மணி நேரம் சுற்ற வந்த பிள்ளை ஒரு வாரம் கழித்து எப்படிப் பார்க்கும்? கண்காட்சிக்கு உடனே கைக்குக் கிடைக்கும் ஒன்று வேண்டும்.

மருதநிழல்:
பானை ஓடுகளைக் கொடுங்கள். நைல் வண்டல் மண்ணில் செய்த ஓட்டின் உடைந்த விளிம்பைப் பாருங்கள்: வெளிப்பக்கம் சிவப்பு, நடுவே பல சமயம் கறுப்பு, மண்ணோடு பிசைந்த வைக்கோல் எரிந்து போன சிறு துளைகள். எப்படிச் சுட்டார்கள் என்பதே அந்த விளிம்பில் இருக்கிறது. பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர் ஆண்டு எதுவும் தெரியாமலே, கல்லறைப் பானைகளின் வடிவம் மாறிய விதத்தை வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். பத்துப் பானைப் படங்களைக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் அதை முயன்று பார்க்கலாம். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிமில் "பானை ஒறி" (உறியில் வைக்கும் பானை) என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு கிடைத்ததே, தங்கம் தேடப் பழகிய கை அதை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும்.

தேம்ஸ்கரை:
அந்த ஓட்டைப் பற்றி இப்போது படித்துவிட்டு உடனே மகளிடம் சொன்னேன். இருந்தாலும் வெறும் ஓட்டை வைத்தால் கூட்டம் நிற்காது. தொட்டியில் கயிறு கட்டிக் கட்டம் பிரியுங்கள், ஓடும் போடுங்கள், ஒரு தங்கச் சிலையும் இருக்கட்டும். எடுத்த பிள்ளை எந்தக் கட்டம், எந்த ஆழம் என்று அட்டையில் எழுதிய பிறகு அடுத்ததை எடுக்கட்டும்.

மருதநிழல்:
கயிறும் அட்டையும் வந்தால் பாதி எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். தங்கச் சிலைக்கு மட்டும் சம்மதிக்க முடியாது. அது இருக்கும்வரை எல்லாப் பிள்ளையும் ஓட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அதைத்தான் தேடும்.

வெண்கோல்:
அந்த அட்டையைப் பிரெய்லியிலும் அடியுங்கள். கயிற்றைத் தொட்டால் கட்டம் எனக்கும் தெரியும்.