சிடிஎன்ஏ நூலகம் உருவாக்கியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆய்வகவாசி:

உயிரணுவில் உள்ள எம்ஆர்என்ஏக்களை, அதாவது மரபணுச் செய்தியின் நகல்களை, டிஎன்ஏவாக மாற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குளோனாகச் சேமித்த தொகுப்புதான் சிடிஎன்ஏ நூலகம். "பத்து லட்சம் குளோன்கள் வந்துவிட்டன, இனித் தேடத் தொடங்கலாமா?" என்று ஆய்வு மாணவி ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அந்த எண்ணிக்கையை நம்பி எட்டு மாதங்களை இழந்தவன் நான். அதனால் என் கதையை முதலில் வைக்கிறேன்.

1990-களின் நடுப்பகுதி. எலி மூளையில் மிகக் குறைவாகவே உருவாகும் ஓர் ஏற்பிப் புரதத்தின் முழுநீள சிடிஎன்ஏ எனக்கு வேண்டும். அதன் எம்ஆர்என்ஏ சுமார் 3,200 காரங்கள் (ஆர்என்ஏவின் எழுத்துகள்) நீளம். மொத்த ஆர்என்ஏவில் எம்ஆர்என்ஏ நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்குதான். எம்ஆர்என்ஏயின் வாலில் ஒட்டும் ஆலிகோ டிடி செல்லுலோஸில் அதைப் பிடித்துப் பிரித்தேன். தலைகீழ்ப் படியெடுப்பு நொதியால் முதல் இழை. பிறகு குப்ளரும் ஹாஃப்மனும் 1983-இல் வெளியிட்ட முறைப்படி, ஆர்என்ஏஸ் ஹெச், டிஎன்ஏ பாலிமரேஸ் இரண்டையும் கொண்டு இரண்டாம் இழை. லாம்டா பேஜ் என்ற பாக்டீரியா வைரஸில் ஏற்றி எண்ணிப் பார்த்தால் 12 லட்சம் குளோன்கள். சிடிஎன்ஏ ஏறாத பேஜின் நீலத் திட்டுகள் அரிதாகவே தெரிந்தன, தட்டெல்லாம் சிடிஎன்ஏ ஏறிய வெள்ளைத் திட்டுகள். அன்றே நூலகத்தைப் பெருக்கி வைத்துவிட்டேன்.

என் மரபணுவோடு இணையும், கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய டிஎன்ஏ துண்டால் ஐந்து லட்சம் திட்டுகளைத் தேடினேன். பதினொரு குளோன்கள் கிடைத்தன. ஒன்றுகூட 600 காரங்களைத் தாண்டவில்லை. எல்லாமே எம்ஆர்என்ஏயின் வால் முனை.

பழைய ஜெல் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நல்ல ஆர்என்ஏவில், ரைபோசோம் ஆர்என்ஏவின் இரு பட்டைகளில் 28எஸ் பட்டை 18எஸ் பட்டையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஒளிர வேண்டும். என் படத்தில் இரண்டும் சமம். கீழே மெல்லிய புகைபோல ஒரு இழுப்பு. மூளையை அறுத்தெடுத்த பின் பனிக்கட்டி மேல் இருபது நிமிடம் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஆர்என்ஏ உடைந்திருக்கிறது. உடைந்த ஆர்என்ஏவில் வாலைப் பிடித்துத் தொடங்கினால் வால்தானே கிடைக்கும்?

இன்னொரு பிழையும் செய்தேன். சிடிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் செஃபரோஸ் குழாயில் நீளத் துண்டுகள் முதலில் இறங்கும், குட்டையானவை பின்னால் வரும். சிடிஎன்ஏ வீணாகிறதே என்று எல்லாத் துளிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். குட்டைத் துண்டுகள் கடத்தியான பேஜில் எளிதாக ஒட்டும். எண்ணிக்கையை ஏற்றிக் காட்டியவை அவைதான்.

இரண்டாம் முறை திசுவை எடுத்த நொடியே திரவ நைட்ரஜனில் போட்டேன். குழாயின் கீழே அமர்ந்து துளித் துளியாக எண்ணி, ஒவ்வொரு பகுதியையும் தனிக் குப்பியில் பிடித்து, காரத்தன்மை கொண்ட ஜெல்லில் ஓட்டி நீளம் பார்த்து, முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வந்தவை நான்கு லட்சம் குளோன்களே. ஆனால் இருபது திட்டுகளைக் குச்சியால் தொட்டெடுத்து பிசிஆர் செய்து பார்த்ததில் சராசரி நீளம் 1,800 காரங்கள். 37,000 எம்ஆர்என்ஏவில் ஒன்றாக இருக்கும் செய்தியை 99 விழுக்காடு உறுதியோடு பிடிக்க 1.7 லட்சம் குளோன்கள் போதும் என்கிறது கணக்கு. நான்கு லட்சம் தாராளம். ஐந்து குளோன்கள் கிடைத்தன. அதில் இரண்டு 3,000 காரங்களுக்கு மேல்.

அலையாத்தி:

எலி ஆர்என்ஏவுக்கே இவ்வளவு பாடா! எனக்கு வாய்த்தது வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலை. குவானிடினியம் முறையில் எடுத்தால் குப்பியின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று தங்கும்; நீரில் கரையவே கரையாது. இலையில் உள்ள பாலிஃபீனாலும் பல்சர்க்கரையும் ஆர்என்ஏவோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன.

நான்கு மாதத் தோல்விக்குப் பிறகு சிடிஏபி என்ற சோப்பு வகைக் கரைசலுக்கு மாறினேன். அதில் பாலிஃபீனாலைப் பிடிக்கும் பிவிபியும் மெர்காப்டோ எத்தனாலும் கலந்து, 65 டிகிரியில் சூடாக்கி, குளோரோஃபார்மில் இருமுறை கழுவி, ஆர்என்ஏவைப் படியவைக்கும் லித்தியம் குளோரைடு சேர்த்துக் குளிர்பெட்டியில் இரவு முழுதும் விட்டேன். காலையில் சுழற்றியெடுத்தபோது அடியில் வெள்ளையாக ஒரு சிறு புள்ளி. அந்த வெள்ளை நிறம் இன்றும் கண்ணில் நிற்கிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே வெண்கண்டலின் சிடிஎன்ஏ வரிசைத் துண்டுகளை 2005-இல் வெளியிட்டிருந்தார்கள். முடியும் என்ற தெம்பைக் கொடுத்தது அதுதான்.

நூலகம் அமைந்த பிறகு அடுத்த தலைவலி: எந்தக் குளோனை எடுத்தாலும் ருபிஸ்கோ, ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி. பச்சை இலையில் அதன் செய்தி அவ்வளவு மிகுதி. அரிய மரபணுக்களைத் தேடுகிறவர்கள் நூலகத்தைச் சமப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள். சிடிஎன்ஏவைச் சூட்டில் பிரித்து மெல்லச் சேரவிட்டால் மிகுதியாக உள்ளவை முதலில் இணை சேரும். இரட்டை இழையை மட்டும் வெட்டும் நொதி அவற்றை நறுக்கிவிடும். கம்சட்கா நண்டிலிருந்து கிடைத்த நொதி அது. உப்பங்கழித் தாவரத்துக்கு ஒரு நண்டு வந்து உதவியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஈஸ்ட்காரர்:

நான் நூலகம் கட்டவில்லை, வாங்கிப் பயன்படுத்தினேன். ஃபீல்ட்ஸும் சாங்கும் 1989-இல் காட்டிய ஈஸ்ட் இரு கலப்பு முறை. தூண்டிலாக வைத்த புரதத்தோடு நூலகப் புரதம் ஒன்று ஒட்டினால் ஈஸ்டில் ஓர் அடையாள மரபணு இயங்கி, அந்தக் கூட்டம் வளரும். முதல் தேடலில் அறுபது கூட்டங்கள் வளர்ந்தன. வரிசை பார்த்தால் ரைபோசோம் புரதங்கள், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், ஃபெரிட்டின். இவை யாருடைய தேடலிலும் தலைகாட்டும் போலிகள்.

தூண்டில் புரதம் தானாகவே அந்த அடையாள மரபணுவை இயக்குகிறதா என்று முன்னதாகச் சோதித்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். அந்த மரபணு பலவீனமாக இயங்கும் கூட்டங்களை வளரவிடாத 3-அமினோட்ரையசோல் அளவை ஏற்றி மறுபடி தேடினேன், ஒன்பது நின்றன. அவற்றின் பிளாஸ்மிடைப் பிரித்து, புதிய ஈஸ்டில் தூண்டிலோடும் தூண்டில் இல்லாமலும் ஏற்றிப் பார்த்தபின் இரண்டே மிஞ்சின. அந்த இரண்டும் உண்மையானவை.

ஆய்வகவாசி:

அலையாத்தியின் லித்தியம் குளோரைடு குறிப்பைப் படியெடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஆர்என்ஏ வரிசையாக்கம் வந்த பின் இதெல்லாம் எதற்கு என்று ஒரு மாணவர் கேட்டார். அந்த இயந்திரத்துக்குள் போவதும் சிடிஎன்ஏ நூலகம்தான். உடைந்த ஆர்என்ஏ கொடுத்தால் அங்கும் வால் முனைதான் குவியும்.

என் இரண்டாம் நூலகத்தை ஒரே ஒருமுறைதான் பெருக்கினேன். பெருக்கப் பெருக்க வேகமாக வளரும் குளோன்கள் மற்றவற்றை அமுக்கிவிடும். உறைவால் கெடாமல் காக்கும் டிஎம்எஸ்ஓவை நூற்றுக்கு ஏழு பங்கு சேர்த்து, சிறு குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்தேன். சென்ற மார்கழியில் ஒரு குப்பியை எடுத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். மறுநாள் காலை தட்டு முழுதும் திட்டுகள்.