பிஎஸ்2-ஐ எல்இடி டிவியில் போட்டால் ஓரமெல்லாம் படிப்படியாகத் தெரிகிறது

நொய்யல்கரை:
வணக்கங்க. பரணில் கிடந்த பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் மெஷினை இறக்கி 43 இன்ச் டிவியில் மாட்டினேன். கார் பானட், கரண்ட் கம்பி, வேலி என்று சாய்ந்த கோடு எது வந்தாலும் படிபடியாக வெட்டினாற்போல் இருக்கிறது, கேமரா திரும்பினால் அந்தப் படியெல்லாம் ஊர்கிறது. பழைய டப்பா டிவியில் இப்படி இல்லையே? மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்தான், நடுவில் ஒரு சின்ன எச்டிஎம்ஐ கன்வர்ட்டர். கடைக்காரர் மெஷினே போச்சுங்க என்கிறார். நிஜமாங்களா?

சென்னிமலைத்தறி:
மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. அந்தப் படி அன்றைக்கும் இருந்தது, டப்பா டிவி காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இங்கே பெட்ஷீட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். சாய்ந்த கொடி படியாகத்தான் வரும், கட்டம் பொடிசானால் படியும் பொடிசாகும். பிஎஸ்2-க்கு அந்தக் கட்டம் ரொம்பப் பெரிசு. கிராபிக்ஸ் சிப்பில் மெமரியே 4 எம்பிதான். 640-க்கு 448 அளவில் முழு நிறத்தோடு ஒரு படம் வரைந்தால் 1 எம்பிக்கு மேல் போய்விடும். திரையில் காட்ட ஒன்று, பின்னால் வரைய ஒன்று, எது முன்னே எது பின்னே என்ற ஆழக் கணக்குக்கு ஒன்று எனக் கழித்தால் டெக்ஸ்சருக்கு, அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களுக்கு, என்ன மிஞ்சும்? இந்த லட்சணத்தில் நாலு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கி ஓரத்தை மழுப்ப வழியேது. சில கேம்கள் மெமரியை மிச்சம் பிடிக்கப் பாதி உயரத்தில்தான் வரைந்தன.

காவிரிப்பாலம்:
அண்ணா சொல்வது சரிங்க, ஆனால் பாதிக் குற்றம் அந்தக் கன்வர்ட்டர் மேல். பிஎஸ்2 படத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை ஒரு தடவை என்று மாற்றி மாற்றி அனுப்புகிறது. மலிவுக் கன்வர்ட்டர் அதைச் சரியாகச் சேர்க்காமல் அப்படியே இழுத்துப் பெரிதாக்கிவிடும், ஓரத்தில் சீப்புச் சீப்பாக நிற்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாகப் பிரிந்து வரும் காம்பொனென்ட் கேபிள் வாங்குங்க. மாட்டுவதற்கு முன்னாலேயே பிஎஸ்2 செட்டிங்கில் காம்பொனென்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய் சிபி சிஆர்-க்கு மாற்றிவிடுங்க, இல்லாவிட்டால் நிறம் கன்னாபின்னாவென்று வரும். அப்புறம் டிவியில் ஷார்ப்னஸைக் குறைங்க, படத்தை அகலமாக இழுக்காமல் 4:3-இல் வையுங்க. ஷார்ப்னஸ் ஏற்றி வைத்தால் ஒவ்வொரு படிக்கும் வெள்ளைக் கோடு அடித்துக் காட்டும்.

ஆழியாறு:
எதுக்குங்க இத்தனை பாடு? நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் பிஎஸ்2 கேமை அதிலேயே ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற சாஃப்ட்வேரைப் போட்டு மூன்று மடங்கு ரெசல்யூஷன் வையுங்க. அதே கேம், ஓரமெல்லாம் வழவழவென்று வரும்.

சென்னிமலைத்தறி:
வரும், ஆனால் பட்டன், எழுத்தெல்லாம் பழைய அளவுப் படங்கள், அவை மட்டும் மங்கலாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எனக்குப் பிடிக்கவில்லை. மெஷினிலேயே வேண்டுமென்றால் பிஎஸ்3-க்குப் போக வேண்டியதுதான். 2010-இல் வந்த காட் ஆஃப் வார் 3 கேமில், படம் வரைந்து முடிந்த பிறகு பிஎஸ்3-இன் செல் என்ற சிப் ஓரங்களைத் தேடிப்பிடித்துக் கலந்துவிடும். எம்எல்ஏஏ என்பார்கள்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்கண்ணா. டிவிக்குப் பின்னால் பச்சை ஓட்டை இல்லைங்க, ஏவி என்று ஒரே ஒரு சின்ன ஓட்டைதான்.

காவிரிப்பாலம்:
சில டிவியில் காம்பொனென்ட்டும் அந்தச் சின்ன ஓட்டையிலேயே போகும், அந்த ஓட்டைக்குப் பொருந்தும் தனி வயர் வேண்டும். டிவி வந்த பெட்டியைத் துழாவுங்க, மேனுவலையும் ஒரு தடவை பாருங்க. இல்லையென்றால் காம்பொனென்ட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வர்ட்டர் வாங்கிக்கலாம்.