தூர் வரைக்கும் சிமென்ட்

*ஞாயிற்றுக்கிழமை*

நான்: (படம்)

நான்: எல்லோரும் இதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பூங்காவின் மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற தூங்குமூஞ்சி மரம். அடிமரத்தை ஒட்டியே சிமென்ட் போட்டுவிட்டார்கள். ஒரு விரல் நுழைய இடம் இல்லை. எண்ணிப் பார்த்தேன், இப்படி 11 மரங்கள்.

அத்தை: ஐயோ. போன வாரம் அதன் நிழலில்தானே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

மாமா: நடைபாதை வேலைதானே அது? மழை பெய்தால் கால் வைக்க முடியவில்லை, வழுக்குகிறது என்று நாம் எல்லோரும் சேர்ந்துதானே மனு கொடுத்தோம்.

நான்: பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை மாமா. பாதையைப் பாதையோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. தூரைச் சுற்றி ஓடி நேராக வடிகாலில் போய் விழுந்தது. காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன், அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா: பாப்பா, படத்தைப் பார்த்தேன். மண்ணைத் தொடுகிற இடத்தில் தூர் அகன்று விரிந்திருக்கும் இல்லையா, அந்த விரிவையே மூடிவிட்டார்கள். வேரெல்லாம் ஆழத்தில் இருக்கிறது, மேலே என்ன போட்டால் என்ன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் கிளை விரிந்த அளவையும் தாண்டி ஓடும். அந்த வேருக்குக் காற்றும் வேண்டும்.

தம்பி: அப்படியென்றால் மரம் பட்டுப்போய்விடுமா சித்தப்பா?

சித்தப்பா: உடனே ஒன்றும் தெரியாதுடா, அதுதான் சங்கடம். சில வருடம் பச்சையாகவே நிற்கும். அப்புறம் உச்சிக் கிளை காய ஆரம்பிக்கும். ஒரு காற்றில் கிளை முறிந்து விழும். அன்றைக்கு ‘ஆபத்தான மரம்’ என்று எழுதி வெட்டிவிடுவார்கள். இந்தச் சிமென்ட் யாருக்கும் நினைவிருக்காது. முப்பது வருடம் தோட்ட வேலையில் இருந்தவன் சொல்கிறேன், நான் பார்த்த பாதி மரங்கள் இப்படித்தான் போயின.

அத்தை: பூங்காவில் தண்ணீர் பாய்ச்சுகிறாரே, அவரிடம் சொல்லிப் பார்த்தாயா?

நான்: அவர்தான் அத்தை எனக்கே சொன்னார். “அக்கா, இதை வந்து பாருங்கள்” என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை நான் பூங்காவைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்குப் போனேன். படம் போதாது, எந்த மரம், எங்கே இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

மாமா: தட்டிக்கழிக்கிறார்கள். வேலை முடிந்து பணமும் கை மாறியிருக்கும். போட்ட சிமென்ட்டை யார் வந்து உடைக்கப் போகிறார்கள்?

சித்தப்பா: உடைத்திருக்கிறார்கள் அத்தான். டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற சிமென்ட்டை எடுக்க வேண்டும் என்று. யாரோ வழக்குப் போட்டதால்தான் அந்த உத்தரவு வந்தது.

மாமா: அது நீதிமன்றம் மச்சான். இங்கே நாம் நாலு பேர். நாலு பேர் நின்று எந்த ஊரில் எதை நிறுத்தினார்கள், சொல்லுங்கள்.

அக்கா: மாமா, நான் சொல்கிறேன். இரவு வேலை முடிந்து பேருந்தில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது.

அக்கா: வங்காரி மாத்தாய் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கென்யாவில் மரம் நட்டு 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினவர் என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். ஒரு பூங்காவுக்காக அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. 1989-ல் நைரோபி நகரின் நடுவில் இருக்கிற உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்ட அரசு திட்டம் போட்டது. கூடவே அதிபருக்கு ஒரு சிலை. இவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். அரசு அலுவலகங்களுக்கு, தூதரகத்துக்கு, ஐ.நா. அமைப்புகளுக்கு, பத்திரிகைக்கு. நாடாளுமன்றத்திலேயே அவரைக் கேலி செய்தார்கள். அவருடைய பசுமை வளைய இயக்கம் இருந்த அலுவலகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் தன் வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் பணம் போடுவதாக இருந்த வெளிநாட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். 1990-ல் திட்டம் நின்றது. பூங்கா இன்றும் அங்கேயே இருக்கிறது.

சித்தப்பா: கருரா காட்டையும் சொல்லு.

அக்கா: அது இன்னும் கொடுமை. நைரோபிக்குள்ளேயே இருக்கிற காடு. கட்டடம் கட்டக் கூறு போட்டுக் கொடுத்திருந்தார்கள். 1999 ஜனவரியில் அங்கே மரக்கன்று நடப் போனவரை அடியாட்கள் தாக்கினார்கள். மண்டை உடைந்தது. காவல் நிலையத்தில் புகாரில் தன் ரத்தத்தாலேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் காட்டில் இப்போது ஜனங்கள் குழந்தைகளோடு நடக்கிறார்கள்.

மாமா: இதெல்லாம் எனக்குத் தெரியாதம்மா.

தம்பி: நான் ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? 1973-ல் நியூயார்க்கில் ஒரு தெரு முனையில் குப்பைமேடாகக் கிடந்த காலி மனை. லிஸ் கிறிஸ்டி என்று ஓர் ஓவியர், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு குப்பையை அள்ளிக் கொட்டி, நல்ல மண் போட்டுத் தோட்டமாக்கினார். மறு வருடம் நகர நிர்வாகமே மாதம் 1 டாலர் வாடகைக்கு எழுதிக் கொடுத்தது. அவர் 1985-ல் இறந்துவிட்டார். தோட்டம் அவர் பெயரிலேயே இன்னும் இருக்கிறது, தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான்: எனக்கு ஜெயித்தவர்கள் கதையைவிட ஆக்டேவியா ஹில் கதைதான் தைரியம் கொடுக்கிறது. அவர் முதலில் தோற்றார். 1870-களில் லண்டனில் ஸ்விஸ் காட்டேஜ் வயல்வெளியை ஏழைகள் காற்று வாங்கும் இடமாகக் காப்பாற்றப் பணம் திரட்டினார். இடம் கைக்கு வரவில்லை, வீடு கட்டிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. பார்லிமென்ட் ஹில் என்கிற திடலுக்காகப் போராடினார், அது தப்பியது. 1895-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். அந்த முதல் வயல்வெளி போனது போனதுதான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி: பாட்டி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். பேருந்தில் இருக்கிற அக்காவுக்காக எழுதுகிறேன்: “அந்தப் பிள்ளை அழ வேண்டாம். நடுகிற நாளில் ஊரே வந்து நிற்கும், படம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் வருடக் கோடையில் குடத்தோடு யார் வருகிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல். அந்த ஐந்தாறு பேர் போதும்.”

நான்: பாட்டி சொல்வது மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் நடக்க வருகிற இரண்டு பேர், குழந்தைகளைக் கூட்டிவருகிற ஓர் அம்மா, தண்ணீர் பாய்ச்சுகிறவர். ஒரு பள்ளிக்கூடப் பையன் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருக்கிறான், வருகிற பறவையெல்லாம் அதில் எழுதியிருக்கிறான். ஏழாவது மரத்தின் காய்ந்த கிளையில் மரங்கொத்தி குடைந்த பொந்தில் இப்போது மைனா குடியிருக்கிறது என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அக்கா: எல்லோருக்கும் ஒரு வேலை. நகர மரங்களைப் பற்றி ஆராய்கிற கோனைனென்டைக் என்பவர் 2021-ல் 3-30-300 என்று ஒரு அளவு சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். இப்போதே ஜன்னலுக்குப் போய் எண்ணிவிட்டு வாருங்கள்.

தம்பி: 2

அத்தை: எங்கள் சமையலறை ஜன்னலில் ஒன்று. மாடியில் நின்றால் 4.

சித்தப்பா: 5. அதில் மூன்று நான் வைத்தது.

அம்மா: ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவர்தான்.

அக்கா: சித்தி, அதனால்தான் கேட்டேன். உல்ரிச் என்கிற ஆய்வாளர் 1984-ல் வெளியிட்டதை எங்களுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. நீங்கள் தினமும் பூங்காவுக்குப் போய்வாருங்கள்.

அம்மா: நாளையிலிருந்து நானும் வருகிறேன்.

மாமா: சரி, எழுதிக் கொடுக்க என்னென்ன வேண்டும்? என்னிடம் நீளமான அளவு நாடா இருக்கிறது.

*திங்கட்கிழமை*

நான்: காலை 6 முதல் 8 வரை மாமா, அம்மா, தம்பி, நான். 11 மரத்துக்கும் எண் போட்டுவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் என்ன மரம், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, சிமென்ட்டுக்கும் பட்டைக்கும் எத்தனை விரல் இடைவெளி, காய்ந்த கிளை உண்டா என்று எழுதினோம். மேற்கு வாசல் மரத்துக்கு நாடாவை நான் ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு கட்டிப்பிடிக்கிற மாதிரி நின்றோம்.

தம்பி: ஒன்பதாவது மரத்தைச் சொல்லுங்கள் அக்கா.

நான்: அதைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. கன்றாக இருந்தபோது கூண்டு கட்டிய கம்பியை யாரும் அவிழ்க்கவே இல்லை. மரம் பெருத்துப் பெருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்து போய்விட்டது. தடவிப் பார்த்தால் கழுத்தில் கயிறு இறுகின மாதிரி ஒரு வரி.

சித்தப்பா: உள்ளே போனதைப் பிடுங்காதீர்கள், பட்டை கிழிந்துவிடும். வெளியே தெரிகிற கம்பியை மட்டும் துண்டு துண்டாக வெட்டி விட்டுவிடுங்கள். அந்தக் கன்றை வைத்தவர்கள் இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் போதும்.

மாமா: மச்சான், ஒரு சந்தேகம். சிமென்ட்டை எடுத்தால் அந்த இடம் பள்ளமாக இருக்குமே. வயதானவர்கள் கால் இடறி விழ மாட்டார்களா?

சித்தப்பா: நல்ல கேள்வி அத்தான், இதையும் மனுவில் எழுதுங்கள். தூரைச் சுற்றி ஒரு மீட்டர் திறந்திருக்கட்டும். பாதை மட்டத்துக்குச் சருகை மூடாக்காகப் போடலாம். ஆனால் சருகு தூரைத் தொடக் கூடாது, ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும். ஓரத்தில் தாழ்வாகக் கல் பதித்தால் கால் போகாது. தினமும் கூட்டிக் கொளுத்துகிற சருகு இதற்கே போதும்.

*புதன்கிழமை*

நான்: மனு கொடுத்தாயிற்று. 4 பக்கம், 37 கையெழுத்து. முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். இளநிலைப் பொறியாளர் ஒருவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். “இப்படி எண் போட்டு இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை” என்றார். நாளைக்கு முதல் 3 மரங்களில் உடைக்க ஆள் அனுப்புகிறார்கள். மீதி எட்டுக்கு மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.

அத்தை: மூன்றா! பாட்டிக்குச் சொன்னாயா?

நான்: சொன்னேன். “எட்டு பாக்கி” என்றார்.

சித்தப்பா: பாப்பா, கவனமாகக் கேள். வருகிறவர்கள் இயந்திரத்தை வைத்து உடைக்க வேண்டாம். பட்டைக்குப் பக்கத்தில் கடப்பாரையும் வேண்டாம். சின்ன உளி, சுத்தியல். வெளி ஓரத்திலிருந்து உடைத்துக்கொண்டு உள்ளே வரவேண்டும். கடைசி ஒரு சாண் கையால்தான் எடுக்க வேண்டும். வேர் தெரிந்தால் உடனே ஈரச் சாக்கு போட்டு மூடு.

மாமா: சாக்கு நான் கொண்டுவருகிறேன். 6 மணிக்கு வாசலில் நிற்பேன்.

*வியாழக்கிழமை*

நான்: (படம்)

நான்: மேற்கு வாசல் மரம். சிமென்ட்டுக்கு அடியில் மண் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. மாமா கையாலேயே கிளறினார். அப்புறம் அதே குடத்தில் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் தேங்கி நின்றது, நுரை நுரையாகக் குமிழி வந்தது, பிறகு மெல்ல உள்ளே இறங்கியது.

பாட்டி: (குரல் பதிவு)

தம்பி: “இன்னொரு குடம் ஊற்று” என்கிறார்.