அரிச்சல்முனைப் பயணம்: புதுப்பிப்பு

பெற்றோருடன் தனுஷ்கோடிக்குச் செல்ல ஏற்ற காலம் எது என்று முன்பு கேட்டிருந்தேன்; ஆடிக் காற்றில்தான் இரு கடல்களின் வேறுபாடு தெரியும் என்று ஒருவர் சொன்னபடியே சென்று வந்தோம். 2017-இல் திறக்கப்பட்ட சாலை தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை செல்வதால், முழங்கால் வலியுள்ள அம்மாவும் அசோகத் தூண் அருகே வண்டியிலேயே வந்து இறங்கினார். தெற்கே ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா கற்களில் மோதி நுரையை வாரி எறிய, வடக்கே பெண்கடல் எனப்படும் பாக் விரிகுடாவோ குளம்போல் கிடந்தது. வாடைக்காலத்தில் இந்தக் குணம் இடம் மாறிவிடும் என்றார் சங்கு விற்ற பெரியவர். குளிக்க மட்டும் இறங்காதீர்கள். காலடி மணலையே நீரோட்டம் அரித்து இழுக்கிறது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் பவளக் கற்களில் பொடிப்பொடியான துளைகளை நெருங்கிப் பார்க்கலாம். நிழல் அறவே இல்லை. குடை இந்தக் காற்றுக்கு நிற்காது, தொப்பியே உதவும்.