பதில்: கருகிய இறைச்சியின் புற்றுநோயாக்கிகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

> "இறைச்சி நஞ்சு" என்று வைத்தால் சனத்துக்கு உடனே விளங்கும்.

அண்ணை, விளங்கும்தான், ஆனால் பிழையாக விளங்கும். பச்சை இறைச்சியில் இந்தச் சாமான் இல்லையே. தசையில் இருக்கிற கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சீனியும் ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேல் ஒன்றோடொன்று தாக்கமுறும்போதுதான் பல்லினவளைய அமைன்கள் என்ற இந்தப் புற்றுநோயாக்கிகள் பெருமளவில் உருவாகின்றன. ஆட்டிறைச்சி குழம்பில் கொதிக்கும் மட்டும் சூடு 100 பாகையை அதிகம் தாண்டாது, அதில் இவை மிகக் குறைவு. அதே கறியைத் தண்ணீர் வற்றவிட்டுத் தாச்சியில் கறுக்கக் கறுக்கப் பிரட்டினாலோ, தணலில் வாட்டினாலோ கதை வேறு. தணலில் இன்னொரு கூட்டமும் சேரும்: கொழுப்பு சொட்டி எழும் புகையோடு வந்து படிகிற பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள்.

அதனால் பெயரில் சூடு இருக்கவேண்டும், இறைச்சி இருக்கத் தேவையில்லை. 1970களில் யப்பானின் தக்காசி சுகிமுரா குழுவினர் மரபணுவை மாற்றும் பொருட்களைக் கண்டது சுட்ட மீனின் கருகிய பகுதியில். மீன் சுட்டுத் தின்கிற நாங்கள் அதை வெளியே விடலாமா? என் முன்மொழிவு: வெப்பவிளை புற்றுநோயாக்கி.

போன மடலில் ஒருவர் "சதையிப் புற்றாக்கி" என்றார். (இந்தியத் தோழர்களுக்கு: சதையி என்றால் கணையம். அந்தச் சண்டை பிறகு.) அது மிகை. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் சிவப்பிறைச்சியை 2ஏ வகுப்பில், அதாவது அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்ற வகுப்பில், வைத்தபோது முக்கியமாகப் பார்த்தது பெருங்குடலை. சதையியோடும் தொடர்பு தென்பட்டது, அவ்வளவுதான். கருகல்தான் காரணமா, இறைச்சியில் வேறு ஏதுமா என்பதே இன்னும் தீரவில்லை. தீராத வழக்குக்குப் பெயரிலேயே தீர்ப்பு எழுதக்கூடாது.

----

வெப்பவிளை நல்ல சொல், தம்பி. ஆனால் உருளைக்கிழங்குப் பொரியலில் வருகிற அக்ரிலமைட்டும் வெப்பத்தில் விளைவதுதான், அதுவும் 2ஏ. ஆகவே இதைப் பொதுப்பெயராக வைத்து, இறைச்சி, மீனுக்கு உரியதைப் பல்லினவளைய அமைன் என்றே எழுதுவோம்.

"ஆக்கி" தான் எனக்கு இடிக்கிறது. தின்ற உருவத்திலேயே அது டீஎன்ஏயில் போய் ஒட்டுவதில்லை. ஈரல் நொதியம் அதை மாற்றிய பிறகுதான் ஒட்டும். "புற்றுநோய் முன்னாக்கி" என்றால் சரியாக இருக்கும், வாய்க்குள்தான் நுழையாது. பதிவில் "வெப்பவிளை புற்றுநோயாக்கி" என்று போட்டு, ஈரல் விசயத்தை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேருங்கோ.